கடற்பாரும் கலைச்சொல்லும்

கடலோர வளர்ச்சித் திட்டங்களில் மரபறிவும் புத்தாக்கமும் சந்திக்கும் இடங்களுள் மொழிபெயர்ப்பும் ஒன்று. தென்னகக் கடற்கரையில் வழங்கும் 'பார்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

கடலடியில் மணல், சேறு ஆகியவற்றினின்று வேறுபட்டு, மீனும் சிப்பியும் தங்க இடந்தரும் கடினத் தரையைப் பார் என்பர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு நிலைகள் இப்பெயராலேயே அறியப்பட்டன. 1903 முதல் 1906 வரை வெளிவந்த ஹெர்ட்மனின் இலங்கை முத்துச்சிப்பி அறிக்கை, 'பெரிய பார்' போன்ற பெயர்களை ஆங்கிலப்படுத்தாது அப்படியே ஆண்டுள்ளமை நோக்கத்தக்கது.

பாரின் இருப்பிடத்தை அறிவது தனிக் கலை. கரையிலுள்ள தேவாலயக் கோபுரமும் தொலைவிலுள்ள மலைமுடியும் ஒரே நேரில் தெரியுமாறு ஒரு கோடும், வேறு திசையில் அவ்வாறே மற்றொரு கோடும் கொள்ளப்படும். இரண்டும் வெட்டும் புள்ளியே பார். திருவனந்தபுரம் கடற்கரையில் இதனைக் 'கணிச்சம்' என்பர். இன்று செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவி அவ்விடத்தை எண்களால் தருகிறது. ஆயினும் எப்பருவத்தில் எம்மீன் அங்குக் கூடும், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும் என்பவற்றை அவ்வெண்கள் கூறுவதில்லை.

மீன்வளத்தைப் பெருக்கக் கான்கிரீட் அமைப்புகளைக் கடலடியில் இறக்கும் திட்டம், தமிழ்ச் செய்திகளில் 'செயற்கைப் பவளப்பாறை' எனவும் குறிக்கப்படுகிறது. 'ரீஃப்' என்னும் ஆங்கிலச் சொல் பவளத்தை மட்டும் சுட்டுவதன்று. நீரடிப் பாறைத் திட்டு, மணல்திட்டு ஆகியவற்றிற்கும் அது பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் அதன் ஒரு வகையை முழுமைக்கும் பெயராக்கிவிடுகின்றார். இது சொல்லளவில் நிற்கும் பிழையன்று. பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். அதன் பெயரைக் கேட்கும் மீனவர், தமக்கு ஆக்கந்தரும் ஏற்பாட்டைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகக் கருத இடமுண்டு.

'செயற்கைப் பார்' என்பதே பொருத்தமான ஆக்கமாகத் தோன்றுகிறது. பார் என்பதற்கு உலகம், காண் முதலிய பிற பொருள்களும் உண்மையால் மயக்கம் நேரும் எனலாம். 'கடற்பார்' என அடைகொடுத்து வழங்கின் அம்மயக்கம் நீங்கும்.

இத்தகைய அமைப்பை எங்கே இறக்குவது என்பதே திட்டத்தின் முதன்மை வினா. பவளப்பாறை எங்கே அமையலாம் என வினவினால் மீனவர் விடைகூற இயலாது. பார் எங்கே அமையலாம் என வினவினால், தரையின் தன்மை, நீரோட்டம், வலை செல்லும் வழி ஆகியவற்றைக் கொண்டு அவர்களால் இடஞ்சுட்ட முடியும்.