இலவச ஆட்டத்தில் கோடிகள் கொட்டுவது எப்படி?

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 'ஃபோர்ட்நைட் பேட்டில் ராயல்' என்ற வீடியோ கேமை இலவசமாக வெளியிட்டது. நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கே வெற்றி. விலையே இல்லாத இந்த ஆட்டம் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆப்பிளுடன் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது.

எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம்?

கேமை டிஸ்க்காக விற்றுக் காசு பார்ப்பது பழைய முறை. 2013இல் ராக்ஸ்டார் வெளியிட்ட 'ஜிடிஏ 5' சுமார் 60 டாலர் விலையில் விற்று, மூன்றே நாளில் 100 கோடி டாலரைத் தொட்டது. ஃபோர்ட்நைட்டிலோ, உள்ளே நுழைந்த பிறகுதான் கடை திறக்கிறது.

அந்தக் கடையில் விற்பது 'ஸ்கின்' என்கிற உடைகளும் 'எமோட்' என்கிற நடன அசைவுகளும்தான். இவற்றை வாங்கினால் குறி தவறாமல் சுட வராது. தோற்றம் மட்டும் மாறும். ஆனாலும் ஒன்றும் வாங்காமல் ஆடும் சிறுவனைக் கூட்டாளிகள் 'டிஃபால்ட்' என்று கேலி செய்வதுண்டு. கடையில் சரக்கு தினமும் மாறும். இன்று விட்டால் மறுபடி எப்போது வருமோ என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

விலையும் டாலரில் இருக்காது. 'வி-பக்ஸ்' என்ற ஆட்ட நாணயத்தை முதலில் வாங்க வேண்டும். ஒரு ஸ்கின் 1,200 வி-பக்ஸ், கையில் இருப்பது 1,000 என்றால், 1,000 வி-பக்ஸ் கொண்ட இன்னொரு பொதியை வாங்கியாக வேண்டியிருந்தது. மிச்சமான 800 அடுத்த பொருளை நோக்கி இழுத்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் பிஜிஎம்ஐயின் 'யூசி', ஃப்ரீ ஃபயரின் 'டைமண்ட்' எல்லாமே இதே ஏற்பாடுதான்.

விற்கும் முறை மாறியதும் உருவாக்கும் முறையும் மாறியது. இத்தகைய கேமுக்கு 'வேலை முடிந்தது' என்ற நாளே கிடையாது. சில மாதங்களுக்கு ஒரு புதிய சீசன், இடையிடையே அப்டேட், புதுப்புது உடைகள் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கும் மேல் உழைத்ததாக எபிக் ஊழியர்கள் சிலர் சொன்னதை 2019இல் 'பாலிகான்' இணையதளம் வெளியிட்டது. பிள்ளைகள் ரசிக்கும் வண்ணங்களுக்குப் பின்னால் தூக்கம் கெட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது பேசப்பட வேண்டிய விஷயம்.

இந்தக் கடையின் பொத்தான்களே ஒரு கட்டத்தில் விசாரணைக்கு வந்தன. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022 டிசம்பரில் அடுக்கிய குற்றச்சாட்டுகளைப் பாருங்கள்: உறக்க நிலையில் இருக்கும் கேமை எழுப்ப ஒரு பொத்தானை அழுத்தினாலே பணம் போய்விடும், ஒரு பொருளைச் சும்மா பார்க்கும்போது பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலும் போய்விடும். பெற்றோருக்குத் தெரியாமலே பிள்ளைகள் வி-பக்ஸ் வாங்க முடிந்தது. தவறான கட்டணம் என்று கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் ஆட்டக் கணக்குகள் முடக்கப்பட்டன.

எபிக் 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் தொடங்கிய முதல் தவணையில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரில் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் அப்பா, அம்மாவின் போனில்தான். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். போனைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடுவது நல்லது.