சிறப்புக் குழந்தையின் பெயரில் ஒரு சேமிப்பு

கோட்டாற்றுக் கம்போளத்தில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, என் மகனுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. அவன் படிப்புக்கென மாதந்தோறும் சிறிது சேமிக்க விரும்புகிறேன். வழி உண்டா?" என்று வினவினார்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2011 முதல் இத்தகைய மாணவர்களுக்கு அரசே கல்விக் கணக்கில் பணம் செலுத்தி வருகிறது. அதை ஏற்கும் பெற்றோர் அரசுப் பள்ளியை விட்டுவிட வேண்டும். நம் நாட்டில் முறை வேறு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ளது. ஆகவே, சேமிப்புத் தேவைப்படுவது போக்குவரத்துக்கும், பயிற்சி சிகிச்சைக்கும், 18 வயதுக்குப் பிந்திய தொழிற்பயிற்சிக்குமே.

அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் ரூ.100 முதல் செலுத்தலாம். தவணை 5 ஆண்டு. பிள்ளையின் பெயரில் பெற்றோர் தொடங்கலாம். ஆனால் இடர் இங்கேதான். 18 நிறைந்தவுடன் பெற்றோரின் கையொப்பம் செல்லாது. பிள்ளையாலும் கணக்கை நடத்த இயலாது. சேர்த்த பணம் கையெட்டும் தூரத்திலேயே முடங்கிவிடும்! ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் சான்று பெறலாம். கூலி உயர்வை மணிக்கணக்கில் விவாதிக்கும் நம் சங்கக் கூட்டங்களில் இச்செய்தி ஒருமுறையேனும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் மகனுக்கு வயது 16. இன்று கணக்குத் தொடங்கினால் 21இல்தான் முதிரும். குறைபாட்டுச் சான்றே இன்னும் பெறவில்லையாம். மறுநாளே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குச் செல்வதாகக் கூறி விடைபெற்றார்.