சுண்டிக்குளத்தில் பறவைகளை யார் எண்ணுவது?

1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம், 2015 ஜூன் 22 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசிய பூங்காவுக்குள் நுழையவே அனுமதி வேண்டும். போருக்குப் பின் மீளக்குடியேறி, களப்பை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது தொழில் பிரச்சினை.

எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பதற்குப் பறவைக் கணக்கெடுப்பும் ஓர் ஆதாரம். 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும், வலசைப் பறவைகள் இங்கு தங்கியிருக்கும் காலத்தில் நடக்கிறது. பெருங்கூட்டமென்றால் முதலில் நூறு பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தை அளவாக வைத்து மிகுதியை மதிப்பிடுவார்கள். பறவையினம், எண்ணிக்கை, இடத்தின் நிலை என்பன பதிவாகும்.

இதைச் செய்வோர் பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்கள். அமெரிக்கத் தேசிய பூங்காக்களிலோ தாவரங்களையும் விலங்குகளையும் கண்காணிக்கப் பருவகால ஊழியர்களைச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள்.

பூநாரை எந்த மாதம், எந்தக் கரையில் இறங்கும் என்பது களப்பில் வலை வீசுபவருக்குத் தெரியும். அப்பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் நாட்கூலியும் கொடுத்து இவ்வேலையில் சேர்க்கலாம். எல்லைகள் பற்றிப் பேசும்போது, அவர்களே எழுதிய பதிவேடு அவர்கள் கையில் இருக்கும்.