காது கேட்கையில் கண் காணுமா?

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் பேருந்தில் வரும்போது, ஓட்டுநரின் இருக்கையருகே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அவருடைய கைகள் ஸ்டியரிங்கில் இருக்கின்றன. கண்கள் சாலையில் இருக்கின்றன. பேசினால் என்ன கெட்டுவிடும்?

முதலில் சட்டம் சொல்வதைக் காண்போம். 1988-இல் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது நம் நாட்டில் கைப்பேசியே வரவில்லை. 2019-இல் அதைத் திருத்தியபோதுதான், வண்டி ஓட்டுகையில் கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை 184-ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதலாகச் சேர்த்தார்கள். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2020-இல் வந்த விதி, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், கைப்பேசியை அனுமதித்தது.

'கையில் பிடித்த' என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். அவினாசி சாலையில் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசியைச் செருகிக்கொண்டு செல்பவரைக் கேட்டால், "கை இரண்டும் வண்டியில்தானே இருக்கிறது?" என்பார். கை இருக்கிறது, மூளை எங்கே இருக்கிறது என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி.

கனடாவின் டொரான்டோ நகரில் ரெடல்மயர், டிப்ஷிரானி என்னும் இருவர், விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை!

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் குழுவினரும் செய்த சோதனை இன்னும் விந்தையானது. போலி ஓட்டுக் கருவியில் ஓட்டியவர்களின் பார்வை எங்கே படிகிறது என்று அளந்தார்கள். சாலையோர விளம்பரப் பலகைகள்மீது பார்வை படிந்தும், பேசிக்கொண்டே ஓட்டியவர்களால் பின்னர் அவற்றை அவ்வளவாக அடையாளம் காண முடியவில்லை. கண் பார்த்தது, மனம் பதிவு செய்யவில்லை. பக்கத்தில் அமர்ந்து பேசுபவராவது, முன்னே லாரி குறுக்கிட்டால் தாமாகவே பேச்சை நிறுத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியுமா?

சட்டம் கையைத் தடுக்கிறது; காதைத் தடுக்கவில்லை. காதில் மாட்டிய கருவியைப் போலீஸ்காரர் கண்டுகொள்வது கடினம் என்பது உண்மையே. ஆனால் சட்டம் விட்டுவைத்ததை இயற்பியல் விட்டுவைப்பதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். அது ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நண்பர் 30 செ.மீ. அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே சுழிக் குறியருகே உங்கள் விரல்களை விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் 0.2 நொடி ஆகியிருக்கிறது. அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து உரக்கச் சொல்லிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். அளவுகோல் முழுவதும் நழுவிக் கீழே விழுந்தால் கால் நொடி கடந்துவிட்டது. அதற்குள் அந்த வண்டி நான்கு மீட்டருக்குமேல் போயிருக்கும்.