காருக்குள்ளே ஈரமா?

ஐப்பசி பிறந்துவிட்டால், ஓட்டில் எங்கே சொட்டுகிறது, சுவரில் எங்கே ஓதம் ஏறுகிறது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். வாசலில் நிற்கும் காரை யார் பார்க்கிறார்கள்? கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், சகோதரிகளே! அடியில் ஈரம் இருந்தால் அது குழந்தைகளின் நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம்.

கால்மிதிக்குக் கீழே கார்ப்பெட். அதற்கும் கீழே பஞ்சு. மேலே காய்ந்தாற்போல இருக்கும். பஞ்சு மட்டும் நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சணம் பிடிக்க வேறென்ன வேண்டும்? ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டிடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. காரோ அறையைவிடச் சின்னது, கண்ணாடியையும் ஏற்றிவிடுகிறோம்!

எங்கள் திருப்பத்தூரிலிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழியாகக் காரைக்குடி போய்ச் சேருவதற்குள் என் மகள் பத்துத் தும்மலாவது தும்முவாள். "அம்மா, கார்ல நனைஞ்ச நாய் வாசம் அடிக்குது" என்பாள். முன்பக்கம் இடது கால்மிதியின் அடி சொதசொதவென்று இருந்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். "முன் கண்ணாடியையே கழற்றி மாட்டணும்மா" என்று பெரிய தொகையாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமியார் கேட்டார்: "வளவுல தண்ணி நின்னா வானத்தையா மூடுவாக? சலதாரையைத்தானே குத்தி விடுவாக!"

விஷயம் முழுவதும் அதில் அடக்கம். செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வளவில் வந்து விழும். விழட்டும் என்றே கட்டினார்கள். வெளியேற வழி திறந்திருக்கும் வரை கவலையில்லை. காரும் அப்படித்தான். கதவுக் கண்ணாடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வடியக் கதவின் கீழ் விளிம்பில் துளைகள் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்துக்கும் வடிகால் உண்டு. ஏ.ஸி. தண்ணீருக்கு ஒரு ரப்பர் குழாய். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளில் மெல்லிய குழாய்கள். ஆகவே முதலில் அடைப்பைத் தேடுங்கள். ஓட்டையை அப்புறம் தேடலாம்.

எப்போது நனைகிறது?

மழையே இல்லாத நாளில், ஏ.ஸி. போட்ட பிறகு முன்பக்கம் நனைந்தால் ஏ.ஸி. குழாய் அடைத்திருக்கிறது. நின்ற காரின் அடியில் தண்ணீர் சொட்டினால் நல்லதுதான், ஏ.ஸி. ஓடியும் சொட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நிறுத்தி வைத்த கார் மழையில் நனைந்தால் வைப்பர் பள்ளம், கதவு, கூரை ஆகியவற்றைப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு மட்டும் நனைந்தால், அடித்தகட்டில் உள்ள ரப்பர் மூடி கழன்றிருக்கும் அல்லது துரு தின்றிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் பின்விளக்கு ரப்பரையும் டிக்கி பீடிங்கையும் கவனியுங்கள்.

ஈரம் பிசுபிசுவென்று, தித்திப்பு வாசனையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். விஷம்! குழந்தைகளைத் தொட விடாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு பேர் போதும். காருக்குள் செய்தித்தாளை விரித்து, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். மற்றவர் ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக விடட்டும். கீழேயிருந்து ஆரம்பித்து, ஓரிடத்துக்கு ஐந்து நிமிஷமாக மேலே போங்கள். மேலேயே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து குழப்பிவிடும். பீடிங் மேல் சந்தேகமா? ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் பீடிங் தளர்ந்துவிட்டது.

பழைய அம்பாஸிடரில் முன் கண்ணாடி ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும். ரப்பர் காய்ந்தால் ஒழுகும். இன்றைய கார்களில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். கண்ணாடி மாற்றிய பிறகு ஒழுக ஆரம்பித்தால் அந்தப் பசையைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் காரின் கண்ணாடியை யாரும் மாற்றியதே இல்லை. வைப்பர் பள்ளத்தில் தண்ணீர் விட்டதும் உள்ளே செய்தித்தாள் நனைந்தது. அங்கிருந்த மூடியைக் கழற்றினால், வாசல் வேப்பமரத்தின் இலையும் பூவும் மண்ணுமாக இரண்டு கை நிறைய! தண்ணீர் வடிய வழியில்லாமல், ஏ.ஸி. காற்றை இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அள்ளிப் போட்டோம், ஒழுகல் நின்றது. காலணா செலவில்லை.

குழாய்களைக் கம்பியால் குத்தாதீர்கள். கிழியும், கழன்றும் போகும். தடித்த தூண்டில் நரம்பை மெதுவாகச் செலுத்தினால் போதும்.

உலர்த்துவது முக்கியம்

நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் டேபிள் ஃபேன் காற்றைவிடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. நாற்றம் ஏறிய பஞ்சை மாற்றத்தான் வேண்டும். சென்ட் அடித்தால் நாற்றம் மறையும்; பூஞ்சணம் போகாது.

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம் அல்லவா? அன்றைக்கே கதவின் கீழ்த் துளைகளையும் வைப்பர் பள்ளத்தையும் ஒரு கை சுத்தம் செய்துவிடுங்கள். பெரிய மழை அதற்குப் பிறகுதான் வரும்.