பெட்டிக்குள் இரும்புத் துண்டு

2018 டிசம்பரில் இந்தி நடிகை சோனாக்ஷி சின்ஹா இணையக் கடையொன்றில் ரூ. 18,000க்கு ஹெட்ஃபோன் வாங்கினார். பிரிக்கப்படாத பெட்டியில் வந்ததோ உதவாத இரும்புத் துண்டு. ட்விட்டரில் படம் போட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நட்சத்திரமல்லாதவர்கள்?

அவர்கள் எப்படிப் பணம் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. கிரெடிட் கார்டு என்றால், பொருள் வரவில்லை என்று வங்கி மூலம் தொகையைத் திரும்பக் கேட்கலாம். இன்ஸ்டாகிராமில் கடை விரித்தவரின் சொந்தக் கணக்குக்கு யு.பி.ஐ.யில் அனுப்பியவருக்கு அந்த வழி இல்லை. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் அவருடையதல்ல என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஆனால் ரகசிய எண்ணைத் தட்டியது அவரேதானே? பறிகொடுத்தவருக்குப் பாதுகாப்பு, ஏமாந்து கொடுத்தவருக்குக் கைவிரிப்பு. வினோதமான நியாயம்.

கேஷ் ஆன் டெலிவரியிலும் பெரும்பாலும் பணம் முதலில், பெட்டி திறப்பது பிறகு. 2020 மின்வணிக விதிகள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்கச் சொல்கின்றன. முகவரியே இல்லாத கடைக்காரரிடம் இதை யார் படித்துக் காட்டுவது?

1930க்கு உடனே போன் செய்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 'ஏழு நாளில் பார்சல் வரும்' என்கிறார்கள்.