அலமாரிக்குப் பின்னால் – 9: கல்கியை எங்கே தேடுவது?

பதிப்பகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியதும் நூலகத்தில் யாரும் புத்தகத்தைப் படிப்பதில்லை; பில்லைத்தான் படிக்கிறோம். ஆர்டரில் கேட்ட தலைப்புதானா, கேட்ட பிரதிகள்தானா, பேசிய கழிவைக் கொடுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாக டிக் அடித்து முடித்த பிறகு, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். பதினாறு பக்க ஃபாரம் ஒன்று விடுபட்டிருக்கும். அல்லது அதே ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்திருக்கும். தலைகீழாகத் தைத்து வருவதும் உண்டு. இதைப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டால் அந்தப் புத்தகம் நம் தலையில்தான். முத்திரை விழுந்ததைப் பதிப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளாது. அதனால் இந்த மேசையில் ஸ்டாம்ப் பேட் கடைசியில்தான் வெளியே வரும்.

பிறகு சேர்க்கைப் பதிவேட்டில் எண். தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, நூலகத்தாருக்கு மட்டும் தெரிந்த ‘ரகசியப் பக்க’த்தில் இன்னொன்று. தலைப்புப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவனுக்கு ரகசியப் பக்கம் எதுவென்று தெரியாது என்பது கணக்கு. (எல்லாப் புத்தகத்திலும் அது ஒரே எண்ணுள்ள பக்கம்தான். இரண்டு புத்தகம் இரவல் வாங்கியவருக்கே ரகசியம் பிடிபட்டுவிடும்.) எந்த எண் முதல் எந்த எண் வரை பதிவேட்டில் ஏறியது என்று பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்குப் பிரிவு பணத்தைப் பற்றிப் பேசும்.

இவ்வளவும் கொள்முதல். கண் கூர்மையாக இருந்தால் போதும். மண்டையைக் குழப்புவது அடுத்த மேசை, பட்டியலாக்கம். அங்கே முதல் கேள்வி: இந்தப் புத்தகத்தை எழுதியவர் பெயர் என்ன?

அட்டையிலேயே போட்டிருக்கிறதே என்பீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ அட்டையில் ‘கல்கி’ என்று போட்டிருக்கிறது. அவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. சங்கீத விமர்சனம் எழுதும்போது ‘கர்நாடகம்’. போதாததற்கு ‘கல்கி’ என்பது ஒரு வார இதழும்கூட. பைண்டு செய்த அதன் தொகுதிகளும் நூலகத்தில் இருக்கின்றன. வாசகர் தேடுபெட்டியில் ‘கல்கி’ என்று அடித்தால் மனிதரும் வருவார், பத்திரிகையும் வரும். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று அடித்தால் யார் யாரோ வருவார்கள். அவர் வருவாரா என்பது பட்டியல் எழுதியவர் அன்று எடுத்த முடிவைப் பொறுத்தது.

மேலைநாட்டுப் பட்டியல் விதிகள் குடும்பப் பெயரை முன்னால் இழுத்துப் போட்டு, பக்கத்தில் காற்புள்ளி வைத்து, பிறகு சொந்தப் பெயரை எழுதும். நமக்கோ பொதுவாகக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. முன்னால் நிற்பவை ஊரின் எழுத்தும் அப்பாவின் எழுத்தும். நூலக இயலின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீ. இரா. ரங்கநாதனின் பெயரிலேயே சீர்காழியும் ராமாமிர்தமும் இருக்கின்றன. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1934இல் பட்டியலாக்கத்துக்கென்றே ஒரு விதிநூலை வெளியிட்டவர் அவர். 1978இல் வந்த ஆங்கிலோ–அமெரிக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, இந்தியப் பெயர்களுக்குத் தனி விதி கொடுத்து, குடும்பப் பெயர் இல்லாத தென்னிந்தியர்களை அவரவர் சொந்தப் பெயரில் பதியச் சொன்னது. சொந்தப் பெயர் கடைசியில் இருப்பதால் ‘ராஜகோபாலன், கு. ப.’ என்று அது சுகமாக உட்கார்ந்துகொள்கிறது.

சிக்கல் இப்போது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டுக்கொள்ளும் எழுத்தாளர்கள் பெருகிவிட்டார்கள். கடைசிச் சொல்லைத் தலைப்பாக எடுக்கும் பழக்கத்தில் பட்டியலாளர் பதிந்துவிட்டால், கவிதை எழுதிய பெண் காணாமல் போய், ஒரு வரிகூட எழுதாத அப்பா ஆசிரியராகிவிடுவார்.

வாசகரோ இந்த இரண்டு வழியிலும் வருவதில்லை. “கு.ப.ரா. கதை இருக்கா சார்?” என்பார். தி.ஜா., கி.ரா., க.நா.சு., லா.ச.ரா. எல்லாமே இப்படித்தான். ‘ராஜகோபாலன்’ என்று தேடத் தெரிந்த வாசகர் அபூர்வம். அதனால் ஒரு எழுத்தாளருக்கு ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ‘பார்க்க’ என்று வழிகாட்டிவிட வேண்டும். இந்தக் கோப்புக்கு ‘அத்தாரிட்டி ஃபைல்’ என்று பெயர். சொ. விருத்தாசலத்திலிருந்து புதுமைப்பித்தனுக்கு, எஸ். ரங்கராஜனிலிருந்து சுஜாதாவுக்கு, ச. வையாபுரிப்பிள்ளையிலிருந்து எஸ். வையாபுரிப்பிள்ளைக்கு. உ.வே.சா. என்றால் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் மூவரையும் ஒருவராக்க வேண்டும். ஆட்குறைப்பு என்று வரும்போது முதலில் கைவிடப்படும் வேலையும் இதுதான். அதைச் செய்யாமல் புத்தகம் வாங்கிக் குவிக்கும் நூலகங்களை என்னால் மதிக்க முடிவதில்லை.

கடல் கடந்தால் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்தியப் புத்தகங்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பி.எல். 480 திட்டம் என்பார்கள். தமிழ் நூல்களும் அப்படிப் போயின. அவற்றின் பெயர்களை ரோமன் எழுத்தில் பதிய ஓர் ஒலிபெயர்ப்பு அட்டவணை உண்டு. அதில் நம் சகரத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான ‘சி’. எனவே சுஜாதாவும் சாமிநாதையரும் சங்க இலக்கியமும் ‘எஸ்’ வரிசையில் இருக்க மாட்டார்கள். ‘சி’ வரிசையில் இருப்பார்கள். விதிப்படி பிழையில்லாத பதிவு. ஆனால் நாம் ஆங்கிலத்தில் எழுதுகிற எழுத்துக்கூட்டலோடு போகிறவருக்கு அது அகப்படாது.

தமிழிலேயே பதிந்தால் பிரச்சினை தீரும் என்று நினைத்தோம். கணினி வந்த புதிதில் நூலகத்துக்கு ஓர் எழுத்துரு. எழுத்துரு மாறினால் பதிவு முழுவதும் கட்டமும் கிறுக்கலும். யூனிகோடு அதைத் தீர்த்தது, ஆனால் வேறொன்றைக் கொண்டுவந்தது. யூனிகோடு அட்டவணையில் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ‘ன’ போய் ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, ‘ழ’ ‘வ’வுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த வரிசையிலேயே மென்பொருள் அடுக்கினால் ‘மனம்’ முதலில் வரும், ‘மரம்’ பிறகு வரும். அகராதி பார்த்துப் பழகியவர் மரத்தைத் தேடிவிட்டு இல்லையென்று போய்விடுவார். ஜெயகாந்தனும் ஜானகிராமனும் கிரந்த எழுத்தென்று பழைய கார்டு இழுப்பறைகளில் கடைசியில் கிடந்தார்கள். யூனிகோடு அவர்களைச் சகரத்துக்கு அடுத்த இடத்துக்குக் கூட்டிவந்துவிட்டது. சரியான அடுக்கு விதியை மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். அமைக்கச் சொல்லிக் கேட்கிற நூலகர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியரின் பிறந்த ஆண்டு வேண்டுமென்று நாங்கள் ஏன் பதிப்பகங்களுக்குப் போன் போட்டு நச்சரிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்துக் காட்டுவது ஆண்டுதான். தவிர, ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையில் இலக்கிய ஆசிரியருக்குரிய எண்ணே பிறந்த ஆண்டிலிருந்து வருகிறது. 1899இல் பிறந்த கல்கிக்கு ‘எம் 99’. 1906இல் பிறந்த புதுமைப்பித்தனுக்கு ‘என் 06’. அலமாரியில் எழுத்தாளர்கள் வயது வரிசையில் நிற்பார்கள். ஒரு மொழியின் நாவல் வரலாற்றை நடந்தே பார்க்கலாம். டூயி முறை தமிழ் இலக்கியம் முழுவதையும் 894.811 என்ற எண்ணுக்குள் அடைத்ததோடு சரி. எனக்குக் கோலன்தான் அழகு. ஆனால் முதல் தொகுப்பு போடும் இளம் கவிஞர் பின்னட்டையில் தான் நேசிக்கும் மழையையும் பூனையையும் பற்றி எழுதுவார், பிறந்த ஆண்டை எழுத மாட்டார்.

பதிப்பாளர்களும் சளைத்தவர்கள் அல்ல. நாட்டுடைமையான எழுத்தாளரின் புத்தகம் ஒன்றே பல பதிப்பகங்களிலிருந்து வருகிறது. எது பழைய பதிப்பின் மறு அச்சு, எது புதிதாகக் கோத்தது, எதில் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நம்பியிருப்பது விவரப் பக்கத்தை மட்டும்தான். சிலர் அங்கே ஆண்டே போடுவதில்லை. ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது, அதையும் வாங்குவதில்லை. கேட்டால், “ஆண்டு போட்டா பழைய ஸ்டாக்னு லைப்ரரி ஆர்டர்ல தள்ளிடுறாங்க சார்” என்கிறார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

(ஆண்டு போடாத புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிக்கும் வழிகள், அடுத்த வாரம்)